சம்பளம் 15 லட்சம், ஜூன் மாதம் நகைக்கடன்

ஆஃபர் லெட்டரில் சி.டி.சி. (கம்பெனி உங்களுக்காக வருடத்துக்குச் செலவிடும் மொத்தத் தொகை) 15 லட்சம் என்று இருக்கும். அதைப் பன்னிரண்டால் வகுத்து, மாதம் 1,25,000 என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டுதான் பலர் வீடு பார்க்கக் கிளம்புகிறார்கள், காருக்கு அட்வான்ஸ் கட்டுகிறார்கள். கைக்கு வருவது ஒரு லட்சம். நடுவில் போன 25,000 எங்கே போனது என்று தெரியாமல் போடுகிற எந்த பட்ஜெட்டும் இரண்டு மாதம்கூடத் தாங்காது. அதனால் முதலில் அதைப் பிரித்துப் பார்த்துவிடுவோம்.

அடிப்படைச் சம்பளம் சி.டி.சி.யில் பாதி, அதாவது 7,50,000 என்று வைத்துக்கொள்வோம். கம்பெனி தன் பங்காகக் கட்டும் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) அதில் 12 சதவீதம்: 90,000. கிராஜுவிட்டி (பணிக்கொடை) என்று 4.81 சதவீதம், 36,075 எழுதியிருப்பார்கள். இந்த இரண்டும் சி.டி.சி.யில் உண்டு, மாதச் சம்பளத்தில் கிடையாது. மிச்சம் 13,73,925. இதிலிருந்து உங்கள் பங்கு பி.எஃப். இன்னொரு 90,000 போகும். தொழில் வரி அரையாண்டுக்கு 1,250 வீதம் 2,500. வருமான வரி புதிய முறையில், சம்பளக்காரர் எல்லோருக்கும் கிடைக்கும் 75,000 நிலைக்கழிவு போக 12,98,925 ரூபாய்க்கு 74,839. அந்த வரியின் மேல் செஸ் 4 சதவீதம் சேர்த்தால் 77,832. எல்லாம் போகக் கைக்கு வருவது வருடத்துக்கு 12,03,593. மாதம் 1,00,300.

இதில் வேரியபிள் பே இன்னும் வரவில்லை. 15 லட்சத்தில் ஒன்றரை லட்சம் ‘பெர்ஃபார்மன்ஸ்’ பெயரில் இருந்தால் அது வருடத்துக்கு ஒருமுறை, அதுவும் முழுசாக வரும் என்று சொல்ல முடியாது. அந்தப் பணத்தை நம்பி மாதத் தவணை எதையும் போடக் கூடாது. ஆஃபர் லெட்டர் கையில் வந்ததும் எச்.ஆரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எல்லாப் பிடித்தமும் போக, வேரியபிள் இல்லாமல், மாதாமாதம் என் கணக்கில் விழுவது எவ்வளவு?

வரி: பழையதா, புதியதா

2025-26 நிதியாண்டு முதல் புதிய முறையில் 4 லட்சம் வரை வரி இல்லை. 8 வரை 5 சதவீதம், 12 வரை 10, 16 வரை 15, 20 வரை 20, 24 வரை 25, அதற்கு மேல் 30. கழிவுகள் போக வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால் தள்ளுபடியில் வரி பூஜ்யமாகிவிடும். சம்பளக்காரர்களுக்கு நிலைக்கழிவையும் சேர்த்தால் 12,75,000 வரை வரி இல்லை. அதைக் கொஞ்சம் தாண்டினால், தள்ளுபடியான 12 லட்சத்துக்குரிய வரி அறுபதாயிரமும் ஒரேயடியாக வந்துவிடும் என்ற பயம் பலருக்கு இருக்கிறது. அப்படி வராது. சம்பளம் 13 லட்சம் என்றால் கழிவு போக 12,25,000. வரி அந்த 25,000 ரூபாயைத் தாண்டக் கூடாது, செஸ்ஸோடு 26,000. பங்கு விற்ற லாபத்துக்கு மட்டும் இந்தத் தள்ளுபடி பொருந்தாது. சம்பளம் 9 லட்சம்தானே என்று நினைத்துக்கொண்டு ஃபண்டை விற்றவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டுகிறார்கள்.

பழைய முறை யாருக்கு லாபம் என்பதை மற்றவர் சொல்லிக் கேட்பதைவிட, எவ்வளவு கழிவு தேவை என்று பார்த்தாலே தெரிந்துவிடும். மொத்தச் சம்பளம் 15 லட்சமாக இருந்தால் புதிய முறையில் செஸ்ஸுக்கு முன் வரி 93,750. பழைய முறையில் அதே வரிக்கு வர வேண்டுமானால், 50,000 நிலைக்கழிவு போக மேலும் 5,43,750 ரூபாய்க்குக் கழிவு காட்ட வேண்டும். 80சி (பி.எஃப்., ஆயுள் காப்பீடு போன்றவற்றுக்கான கழிவு) முழுசாக ஒன்றரை லட்சம், வீட்டுக்கடன் வட்டி இரண்டு லட்சம், தன் கையிலிருந்து என்.பி.எஸ். (தேசிய ஓய்வூதியத் திட்டம்) ஐம்பதாயிரம், மருத்துவக் காப்பீடு ஐம்பதாயிரம் என்று எல்லாவற்றையும் கூட்டினாலும் நாலரை லட்சம்தான். ஊரில் சொந்த வீடு கட்டி வட்டி கட்டிக்கொண்டு, சென்னையில் வாடகைக்கு இருந்து எச்.ஆர்.ஏ.வும் (வீட்டு வாடகைப் படி) காட்டுகிறவருக்குத்தான் பழைய முறை இன்னும் கைகொடுக்கிறது. சம்பளம் 24 லட்சம் என்றால் நிலைக்கழிவுக்கு மேல் 7,87,500 காட்ட வேண்டும்.

எச்.ஆர்.ஏ. காட்டுகிறவர்கள் மூன்று தொகையைப் பார்க்க வேண்டும்: வாங்கிய எச்.ஆர்.ஏ., கட்டிய வாடகையில் அடிப்படைச் சம்பளத்தின் 10 சதவீதம் போக மிச்சம், சென்னையானால் அடிப்படைச் சம்பளத்தில் பாதி. எது குறைவோ அதற்குத்தான் விலக்கு. பெற்றோருக்கு வாடகை கொடுக்கலாம், தப்பில்லை. ஆனால் வீடு அவர்கள் பெயரில் இருக்க வேண்டும், பணம் வங்கி வழியாகப் போக வேண்டும், அவர்கள் அதைத் தங்கள் வருமானமாகக் காட்ட வேண்டும். வருடத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல் போனால் வீட்டுக்காரர் பான் எண் கேட்பார்கள். யாரோ ஒருவர் பான் எண்ணைப் போட்டுப் போலி ரசீது கொடுத்தால், அது அவர் வருமான விவரத்தோடு ஒத்துப்போகாமல் நோட்டீஸாகத் திரும்பி வரும்.

கம்பெனியில் ஏப்ரலில் எந்த முறையைச் சொன்னாலும், அது மாதப் பிடித்தத்துக்கு மட்டும்தான். தொழில் வருமானம் இல்லாத சம்பளக்காரர் ரிட்டர்ன் போடும்போது மாற்றிக்கொள்ளலாம். பழைய முறை வேண்டுமென்றால் கெடு தேதிக்குள் போட்டிருக்க வேண்டும். தாமதமானால் புதிய முறைதான். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் அமலுக்கு வந்து பிரிவு எண்கள் மாறிவிட்டன. ஆனாலும் எல்லோர் வாயிலும் 80சி 80சியாகத்தான் இருக்கிறது, எழுதுவதும் அப்படியே.

புதிய முறையிலும் ஒரு கதவு திறந்திருக்கிறது. பலர் அதைத் தட்டிப் பார்ப்பதே இல்லை. கம்பெனி உங்கள் பெயரில் என்.பி.எஸ்.ஸில் போடும் பணத்துக்கு, அடிப்படைச் சம்பளத்தில் 14 சதவீதம் வரை கழிவு உண்டு. மேலே சொன்ன 15 லட்சம் சி.டி.சி.யில் அது 1,05,000. வரிக்குரிய வருமானம் 12,98,925லிருந்து 11,93,925க்கு இறங்கும். 12 லட்சத்துக்குள் வந்துவிட்டதால் வரி பூஜ்யம். ஒரு லட்சத்து ஐயாயிரம் சேமிப்பில் போகிறது, கைச்சம்பளத்தில் குறைவது வருடத்துக்கு 27,168 மட்டும், ஏனென்றால் 77,832 வரியாகப் போயிருக்க வேண்டிய பணம். இதை நீங்களாகப் போய் என்.பி.எஸ்.ஸில் கட்டினால் புதிய முறையில் கழிவு கிடையாது. சம்பள அமைப்பில் கம்பெனி பங்காக வர வேண்டும். பெரும்பாலும் வருடத் தொடக்கத்தில்தான் மாற்ற விடுவார்கள், அதனால் மார்ச் கடைசியிலேயே எச்.ஆருக்கு மெயில் போட்டுவிடுவது நல்லது. பணம் பல வருடத்துக்குப் பூட்டுத்தான், முதிர்வில் ஒரு பகுதியை மாத ஓய்வூதியமாகத்தான் வாங்க முடியும். ஐந்து வருடத்தில் வீடு வாங்க வைத்திருக்கும் பணத்தை இதில் போடக் கூடாது.

மாதத்தில் வராத செலவு

மளிகை, பால், வாடகை, பெட்ரோல் எல்லாம் எல்லோருக்கும் தெரிந்த செலவு. வீட்டைத் திணற வைப்பது அதுவல்ல. வருடத்தில் ஒரு முறை, இரண்டு முறை வந்து மொத்தமாக அள்ளிக்கொண்டு போகும் செலவு. ‘இந்த மாசம் கொஞ்சம் டைட்’ என்று வருடத்தில் எட்டு மாதம் சொல்கிற வீட்டில், ஒவ்வொரு மாதமும் காரணம் வேறாக இருக்கும்: ஜூனில் பள்ளி, ஆகஸ்டில் வண்டி இன்ஷூரன்ஸ், ஐப்பசியில் தீபாவளி, தையில் பொங்கல், நடுவில் மூன்று கல்யாணம், ஒரு காதுகுத்து.

நான்கு பேர் கொண்ட ஒரு சென்னைக் குடும்பத்துக்கு உதாரணமாகப் போட்டுப் பார்ப்போம். இரண்டு பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் 1,40,000. ஆயுள், மருத்துவக் காப்பீடு 45,000. வண்டி இன்ஷூரன்ஸ், சர்வீஸ் 25,000. தீபாவளி, பொங்கல் துணிமணி 40,000. ஊருக்குப் போய்வர 30,000. மொய், சீர் 40,000. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், போன் என்று ஏதாவது ஒன்று மாற்ற 35,000. பல் டாக்டர், கண்ணாடி, காய்ச்சல் 25,000. கூட்டினால் 3,80,000. மாதத்துக்கு 31,667. கைக்கு வரும் ஒரு லட்சத்தில் இது முதல் தேதியே போய்விட்ட பணம். இதை ஒதுக்காதவர், மிச்சம் 68,000 இருக்க வேண்டிய இடத்தில் ஒரு லட்சம் இருப்பதாக நினைத்துச் செலவழிக்கிறார்.

உங்கள் வீட்டுத் தொகையைக் கண்டுபிடிக்க ஆப் எதுவும் வேண்டாம். கடந்த பன்னிரண்டு மாத வங்கி ஸ்டேட்மென்ட், கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்ட் இரண்டையும் இறக்கி, இரண்டாயிரத்துக்கு மேல் போன ஒவ்வொரு வரியையும் பாருங்கள். மாதாமாதம் வருவதை விட்டுவிட்டு, மற்றதை எல்லாம் எந்த மாதத்தில் வந்தது என்ற குறிப்போடு ஒரு தாளில் எழுதுங்கள். ரொக்கமாகக் கொடுத்த மொய், தங்கைக்குச் செய்த சீர் ஸ்டேட்மென்டில் இருக்காது. அதை வீட்டில் உட்கார்ந்து நினைவுபடுத்தித்தான் சேர்க்க வேண்டும். வந்த கூட்டுத்தொகையோடு பத்து சதவீதம் சேர்த்துப் பன்னிரண்டால் வகுங்கள்.

இந்தப் பணத்துக்கு வேறு வங்கியில் தனிக் கணக்கு. சம்பளம் விழும் தேதிக்கு அடுத்த நாள் தானாகப் போகும்படி ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன். பெரும்பாலான வீடுகளில் இந்த ஏற்பாடு உடைவது ஒரே இடத்தில்: அந்தக் கணக்கை ஜீபேயிலோ போன்பேயிலோ இணைத்துவிடுவார்கள். இணைத்தால் மூன்றாம் மாதம் அது இன்னொரு செலவுக் கணக்காகிவிடும். யு.பி.ஐ. வேண்டாம், டெபிட் கார்டை பீரோவில் போடுங்கள், கட்ட வேண்டியதை நெட் பேங்கிங்கில் கட்டுங்கள். தொடங்கும் மாதம் முக்கியம். ஏப்ரலில் தொடங்கினால் ஜூன் ஃபீஸுக்குப் பணம் சேர்ந்திருக்காது. ஜூலையில் தொடங்கினால் அடுத்த ஜூனுக்குள் முழுசாக நிற்கும்.

மொய்யைப் பற்றி ஒரு வார்த்தை. மொய் நோட்டு வைத்திருக்கும் வீட்டில் அது செலவே அல்ல, வட்டியில்லாக் கடனின் கணக்கு. புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கம் மொய் விருந்து நடத்துகிறவர்கள் இதை நன்றாகவே அறிவார்கள். நகரத்துக்கு வந்தபின் நோட்டு போய்விட்டது, மொய் மட்டும் தங்கிவிட்டது. யார் நமக்கு என்ன செய்தார்கள் என்ற பட்டியல் போனிலாவது இருந்தால், அடுத்த வருடம் எத்தனை ஆயிரம் திருப்ப வேண்டியிருக்கும் என்பது முன்பே தெரியும்.

ஜூனில் பணம் இல்லையென்றால் என்ன செய்வது? நகைக்கடன்தான் இருப்பதில் மலிவு. 1,40,000 ரூபாயை 9 சதவீதத்துக்கு ஆறு மாதம் வைத்தால் வட்டி 6,300. இதே தொகையைக் கிரெடிட் கார்டில் தேய்த்துவிட்டுக் குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டிக்கொண்டு வந்தால் கதை வேறு. மாதம் 3.75 சதவீதம் என்பது வருடத்துக்கு 45. அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 40,000 ரூபாய் பில்லில் 2,000 மட்டும் கட்டினால் மிச்சம் 38,000க்கு ஒரு மாத வட்டி 1,425, ஜி.எஸ்.டி.யோடு 1,681. பலருக்குத் தெரியாதது, வட்டி பொருள் வாங்கிய தேதியிலிருந்தே ஏறும், பாக்கி தீரும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாத நாட்கள் கிடையாது என்பது. நகையை வைத்தாலும் வட்டியை மட்டும் கட்டித் திருப்பித் திருப்பி வைக்காதீர்கள். ஆறு மாதத்தில் மீட்க ஒரு தேதி வேண்டும்.

ஏறினால் இறங்க முடியாத செலவு

சிக்கனம் பற்றிய பேச்சு எப்போதும் காபி, ஸ்விக்கி, சினிமா என்றே சுற்றுகிறது. அவை நாளையே நிறுத்தக்கூடிய செலவுகள். வேலை போனால் அன்றைக்கே நின்றுவிடும். நடுத்தரக் குடும்பத்தை மாட்டிவைப்பது, ஒருமுறை ஏறிவிட்டால் பத்து வருடத்துக்கு இறங்க முடியாத மூன்று: பள்ளி, வீடு, கார். எந்தச் செலவு பெரிது என்று கேட்பதைவிட, எது திரும்ப முடியாதது என்று கேட்பதுதான் சரி என்று நான் நினைக்கிறேன்.

பள்ளி. எல்.கே.ஜி.யில் 70,000 என்பதைப் பார்த்துக் கட்டிவிடலாம் என்று சேர்க்கிறோம். வருடம் 10 சதவீதம் ஏறினால் ஆறாம் வகுப்பில் அது 1,36,000. பதினோராம் வகுப்பில் ஏறக்குறைய 2,20,000. வேன், புத்தகம், சீருடை, ஆண்டுவிழா உடை, டியூஷன் எல்லாம் வேறு. நடுவில் பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றுவது பணப் பிரச்சினையாக மட்டும் இருக்காது. நண்பர்கள், பாடத்திட்டம், சொந்தக்காரர் பேச்சு எல்லாம் சேர்ந்து கையைக் கட்டிவிடும். ஆகவே சேர்க்கும்போதே, அந்தப் பள்ளியின் பதினோராம் வகுப்புக் கட்டணத்தை இன்றைய விலையில் கேட்டு, அதை இன்றைய சம்பளத்தில் கட்ட முடியுமா என்று பாருங்கள். இரண்டு பிள்ளைகள் என்றால் இரண்டால் பெருக்கி. பழைய வரி முறையில் இருப்பவர்கள் ரசீதில் டியூஷன் ஃபீ என்று தனியாகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள், 80சிக்கு அது மட்டும்தான் ஏற்கும்; வேன் கட்டணமும் டொனேஷனும் ஏற்காது.

வீடு. 50 லட்சம் கடன், 8.5 சதவீதம், 20 வருடம் என்றால் தவணை 43,391. முதல் மாதத் தவணையில் வட்டி 35,417, அசலில் கழிவது 7,974. இருபது வருடம் முழுக்கக் கட்டினால் வட்டி மட்டும் 54 லட்சம். இது எல்லோரும் பார்க்கும் கணக்கு. பார்க்காதது கையிலிருந்து போகும் பணம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனில் வீட்டு மதிப்பில் 80 சதவீதம்தான் வங்கி தரலாம். அப்படியானால் 50 லட்சம் கடனுக்கு வீடு 62.5 லட்சம், உங்கள் கைக்காசு 12.5 லட்சம். கைமாறும் பழைய வீடாக இருந்தால் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, சேர்த்து 9 சதவீதம் என்று இன்னொரு 5.6 லட்சம். இதற்குப் பொதுவாகக் கடன் கிடைக்காது. பதினெட்டு லட்சத்தைக் கையில் வைத்துக்கொண்டு கிரயம் முடித்தபின், மாடுலர் கிச்சன், வார்ட்ரோப், கிரகப்பிரவேசச் சாப்பாடு என்று இன்னும் ஐந்து லட்சத்துக்குப் பர்சனல் லோன் போடுகிறார்கள். மூழ்குவது பெரும்பாலும் அந்த இரண்டாவது கடனில்தான். 20 வருடக் கடனில் அல்ல. புது வீட்டில் முதல் ஒரு வருடம் பழைய பீரோவோடு இருங்கள். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், சொன்னாலும் தவணை கட்டப்போவது அவர்கள் இல்லை.

வரி மிச்சமாகும் என்று வீடு வாங்குவதற்கும் இப்போது அர்த்தமில்லை. குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்குப் புதிய முறையில் கழிவு கிடையாது.

ஏற்கெனவே கடன் இருப்பவர்கள் இரண்டு வேலை செய்யலாம். 2025 பிப்ரவரித் தொடக்கத்தில் 6.5 சதவீதமாக இருந்த ரெப்போ வட்டி (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி) அந்த டிசம்பருக்குள் 5.25க்கு இறங்கியது. 2019 அக்டோபருக்குப் பின் வங்கியில் வாங்கிய மாறும் வட்டிக் கடன் ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு இணைந்திருக்கும், அது தானாக இறங்கும். அதற்கு முன் வாங்கிய கடன் வங்கி தன் செலவை வைத்துத் தானே வட்டியை நிர்ணயிக்கும் பழைய எம்.சி.எல்.ஆர். முறையிலேயே கிடக்கலாம். கிளைக்குப் போய் மாற்றித் தரச் சொல்லி எழுதிக் கொடுக்க வேண்டும். சிறு கட்டணம் இருக்கும். இணைந்த கடனிலும், புதிதாக வருகிறவர்களுக்கு வங்கி என்ன வட்டி சொல்கிறது என்று அதன் இணையதளத்தில் பாருங்கள். அரை சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கேளுங்கள். கேட்டால் குறைக்கிறார்கள், கேட்காதவரை குறைப்பதில்லை. இரண்டாவது, வருடத்துக்கு ஒரு தவணை கூடுதலாக அசலில் கட்டுவது. மேலே சொன்ன கடனில் அது மூன்று வருடத்துக்கு மேல் காலத்தைக் குறைக்கும். மாறும் வட்டி வீட்டுக்கடனை முன்கூட்டி அடைக்கத் தனிநபருக்கு அபராதம் கிடையாது. கட்டும்போது ‘தவணையைக் குறைக்காதீர்கள், காலத்தைக் குறையுங்கள்’ என்று எழுதிக் கொடுத்து, திருத்திய அட்டவணையை வாங்கிக்கொள்ளுங்கள்.

காருக்கு எட்டு லட்சம் கடன், 9 சதவீதம், ஐந்து வருடம் என்றால் 16,607. அதோடு பெட்ரோல், இன்ஷூரன்ஸ், அபார்ட்மென்டில் பார்க்கிங். வாரத்துக்கு இரண்டு நாள்தான் எடுப்பீர்கள் என்றால் டாக்ஸியே மலிவு. பெரிய வருத்தமில்லாமல் விற்கக்கூடியது என்பதால், மூன்றில் இதுதான் கொஞ்சம் மன்னிக்கத்தக்கது.

ஏ.சி.யையும் இந்தப் பட்டியலில் சேர்க்கலாம். இரண்டாவது ஏ.சி. வந்தபின் இரண்டு மாத ரீடிங் 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை. கீழே 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்குக் கிடைத்த சலுகை விலையும் போய்விடும். ரீடிங் எடுக்கும் தேதியைக் குறித்துவைத்து, ஐம்பதாம் நாளில் மீட்டரை ஒருமுறை பார்த்தால் கடைசிப் பத்து நாளில் சமாளிக்க இடமிருக்கும்.

தவணை, தங்கம், காப்பீடு

‘நோ காஸ்ட் இ.எம்.ஐ.’யில் வட்டி இல்லாமல் இல்லை. வட்டித் தொகையைத் தள்ளுபடியாக விலையில் கழித்துவிட்டு, பிறகு தவணையில் வசூலிக்கிறார்கள். அந்த வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. உங்கள் தலையில். பிராசசிங் கட்டணம் வேறு, அதற்கும் ஜி.எஸ்.டி. பணம் கொடுத்து வாங்கினால் கிடைக்கும் கேஷ் தள்ளுபடியும் கிடையாது. ஒரு போனுக்கு இது சில நூறு ரூபாய் விஷயம்தான். ஆனால் போன், டி.வி., சோபா என்று மூன்று தவணை ஓடும்போது மாதம் பத்தாயிரம் போய்விடும், எதற்கென்று நினைவிருக்காது.

தங்கத்தை நகையாக வாங்கினால் சேமிப்பு என்று சொல்லிக்கொள்ள வேண்டாம். சவரன் ஒரு லட்சம் என்று கணக்குக்கு வைத்துக்கொண்டால், 12 சதவீதம் சேதாரம் 12,000, 3 சதவீத ஜி.எஸ்.டி. 3,360, மொத்தம் 1,15,360. மறுநாள் விற்றால் சேதாரமும் வரியும் திரும்பாது. போட்டுக்கொள்ள வாங்குவது வேறு, அதில் தப்பில்லை. நகைக்கடைச் சீட்டில் சேர்கிறவர்கள், சேதாரம் எத்தனை சதவீதம் வரை தள்ளுபடி, எந்த நகைக்குப் பொருந்தாது என்று முதல் தவணைக்கு முன்பே அட்டையில் எழுதி வாங்குங்கள். கல் வைத்த நகைக்கும் வேலைப்பாடு அதிகமுள்ளதற்கும் பொருந்தாது என்பது கடைசி மாதத்தில்தான் தெரியவரும். நகையில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இடக் குறியீடான எச்.யு.ஐ.டி. (ஹால்மார்க் அடையாள எண்) பொறித்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

காப்பீட்டில் பெரிய ஓட்டை அறை வாடகை. 3 லட்சம் பாலிசியில் அறைக்கு ஒரு சதவீதம் வரம்பு என்றால் நாளுக்கு 3,000. நீங்கள் 6,000 ரூபாய் அறையில் சேர்ந்தால் குறைவது வித்தியாசமான 3,000 மட்டுமல்ல. டாக்டர் கட்டணம், அறுவை அரங்கக் கட்டணம், நர்சிங் எல்லாவற்றிலும் பாதியைத்தான் தருவார்கள். மருந்து, இம்ப்ளான்ட், பரிசோதனைக்கு இந்த வெட்டு இல்லை. அறை வாடகை வரம்பே இல்லாத பாலிசிக்கு வருடம் சில ஆயிரம் கூடுதலாகும், கொடுக்கலாம். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப ஆயுள், மருத்துவ பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. இல்லை, அந்த 18 சதவீதத்தை இதற்குத் திருப்பிவிட்டாலே போதும். கம்பெனி பாலிசி மட்டும் போதும் என்று இருப்பவர்களுக்கு வேலை போகும் அன்றே அதுவும் போய்விடும். முன்பே இருந்த நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருக்க வேண்டியிருக்கும் என்பதால், உடம்பு நன்றாக இருக்கும்போதே தனி பாலிசி ஒன்றை ஓடவிட வேண்டும்.

சம்பளம் ஏறும் மாதம், வேலை மாறும் வருடம்

15 லட்சம் 16.5 லட்சமானால் மாதத்துக்கு 12,500 உயர்வு என்று தோன்றும். மேலே போட்ட அதே கணக்கில் கைக்கு வருவது 1,09,200; உண்மையான உயர்வு 8,900. இதே வருடம் வாடகை 22,000லிருந்து ஐந்து சதவீதம் ஏறினால் 1,100 போச்சு. பள்ளிக் கட்டணம் பத்து சதவீதம் ஏறினால் மாதத்துக்கு 1,170 போச்சு. மளிகையும் காப்பீடும் ஏறியது போக, கையில் ஐயாயிரம் நின்றால் பெரிது. உயர்ந்த சம்பளம் விழும் முதல் மாதத்திலேயே அந்த ஐயாயிரத்தை எஸ்.ஐ.பி.யிலோ (மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் போடுவது) பி.பி.எஃப்.பிலோ (பொது வருங்கால வைப்பு நிதி) திருப்பிவிடுங்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் அது ஏதோ ஒரு சந்தாவாக, ஏதோ ஒரு தவணையாக மாறியிருக்கும். பி.பி.எஃப். கட்டுகிறவர்கள் மாதம் 5ஆம் தேதிக்குள் கட்டினால்தான் அந்த மாத வட்டி வரும்.

வேலை மாறும் வருடத்தில் வேறொரு பள்ளம். முதல் ஆறு மாதம் ஒரு கம்பெனியில் 6 லட்சம், அடுத்த ஆறு மாதம் இன்னொன்றில் 8 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் கம்பெனி வருடச் சம்பளம் 12 லட்சம் என்று கணக்கிட்டு, வரி இல்லை என்று விட்டுவிடும். பழைய சம்பளம் தெரியாத இரண்டாவது கம்பெனி 8 லட்சத்துக்கு வரி இல்லை என்று அதுவும் விட்டுவிடும். இரண்டு ஃபார்ம் 16லும் பிடித்தம் பூஜ்யம். ஜூலையில் ரிட்டர்ன் போட உட்காரும்போது மொத்தம் 14 லட்சம், நிலைக்கழிவு ஒரே ஒருமுறை, வரி செஸ்ஸோடு 81,900. முன்வரி (வருடம் முடியுமுன் தவணையாகக் கட்ட வேண்டிய வரி) கட்டாததற்கு வட்டி தனியாக ஏழாயிரத்துக்கு மேல். இதற்குள் புதுச் சம்பளத்தை நம்பிக் கார் வாங்கியிருப்பார்கள்.

புதிய கம்பெனியில் சேர்ந்த முதல் மாதத்திலேயே, பழைய சம்பளத்தையும் பிடித்த வரியையும் எழுதிக் கொடுக்கும் படிவத்தைக் கேளுங்கள்; பழைய எண்ணான 12பி என்று சொன்னால் எச்.ஆருக்குத் தெரியும். பழைய கம்பெனியின் கடைசிச் சம்பளச் சீட்டும் வரிக் கணக்குத் தாளும் அதோடு வேண்டும். மெயில் ஐ.டி. மூடுவதற்கு முன் அவற்றை இறக்கிக்கொள்ளுங்கள், பிறகு கேட்டு வாங்குவது பெரும்பாடு. படிவம் கொடுக்கத் தவறியிருந்தால் மார்ச் 15க்குள் வருமான வரி இணையதளத்தில் முன்வரியாக நீங்களே கட்டிவிடலாம். முந்தைய தவணைகளுக்கான வட்டி கொஞ்சம் வரும். ஏப்ரலிலிருந்து ஏறும் மாதம் ஒரு சதவீதமாவது மிச்சமாகும்.